ஒரே காட்சி, மூன்று பழைய லென்ஸ்கள்: தெரியும் வேறுபாடு லென்ஸுடையதுதான் என்று எப்படி உறுதிசெய்வது?

ஒளிமாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் ஒளிப்படக்கலையில் இரண்டாம் ஆண்டு பயில்கிறேன். இந்தப் பருவத்தின் செய்முறைத் திட்டத்துக்கு, ஃபிலிம் காலத்து லென்ஸ்கள் ஒரே காட்சியை எவ்வாறு வெவ்வேறு விதமாகப் பதிவுசெய்கின்றன என்ற பொருளை எடுத்துக்கொண்டிருக்கிறேன். கையில் மூன்று கேமராக்கள் உள்ளன: ஜெனிட்-ஈ கேமராவில் ஹீலியோஸ் 44-2 (58 மி.மீ., எஃப் 2), பிராக்டிகாவில் கார்ல் ஜைஸ் யேனா டெஸ்ஸார் (50 மி.மீ., எஃப் 2.8), பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக்கில் சூப்பர் டாக்குமார் (50 மி.மீ., எஃப் 1.4).

மூன்று கேமராக்களிலும் இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ் சுருளை ஏற்றி, மரங்களுக்கு முன்னால் ஒருவரை உட்காரவைத்து, அந்தந்தக் கேமராவின் மீட்டர் காட்டிய அளவின்படி படமெடுத்தேன். சுருள்களை ஐடி-11 டெவலப்பரில் தனித்தனி நாள்களில் கழுவி, மேசை ஸ்கேனரில் ஸ்கேன் செய்தேன். ஹீலியோஸ் எடுத்தவை இருண்டும் கான்ட்ராஸ்ட் மிகுந்தும் வந்திருக்கின்றன; பின்னணி சுழல்வதுபோல் தெரியும் என்று எல்லோரும் சொல்லும் அந்தத் தன்மை சில படங்களில் தெளிவாகவும் சிலவற்றில் அறவே இல்லாமலும் இருக்கிறது. டாக்குமார் எடுத்தவை வெளிர்ந்து மென்மையாக உள்ளன. எனக்குப் பெரும் குழப்பம் தருவது டெஸ்ஸார்தான். 'உங்கள் கேமராவின் கழுகுக் கண்' என்று ஜைஸ் நிறுவனமே விளம்பரம் செய்த லென்ஸ் அது; என் நெகட்டிவ்களிலோ எல்லாம் சாம்பல் பூத்தாற்போல் தட்டையாக இருக்கின்றன.

இந்த வேறுபாடுகளை அப்படியே லென்ஸின் குணம் என்று எழுதிச் சமர்ப்பிக்க எனக்கு மனம் வரவில்லை. லென்ஸினால் வந்தது எது, கேமராவினாலோ கழுவியதாலோ ஸ்கேனரினாலோ வந்தது எது என்று பிரித்தறிய என்ன செய்ய வேண்டும்? ஹீலியோஸின் சுழல் ஏன் எல்லாப் படங்களிலும் வருவதில்லை? டாக்குமாரின் கண்ணாடியை வெள்ளைத் தாளின்மேல் வைத்துப் பார்த்தால் தேநீர் நிறத்தில் மஞ்சளித்திருக்கிறது. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு அது ஒரு பொருட்டா, அதை நீக்க வழி உண்டா?

பழைய கண்ணாடி

வணக்கம். உங்கள் மூன்று லென்ஸ்களும் எம்42 திருகு மவுண்ட் (லென்ஸைக் கேமராவில் பொருத்தும் அமைப்பு) கொண்டவை. 1949இல் காண்டாக்ஸ் எஸ் கேமராவோடு பரவத் தொடங்கிய இந்த மவுண்டில் 42 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. புரியிடையும், மவுண்டின் முகத்திலிருந்து ஃபிலிம் வரையிலான தொலைவு 45.46 மி.மீ. என்பதும் எல்லாத் தயாரிப்பாளர்களுக்கும் பொது. ஆகவே மூன்று கேமராக்கள் உங்களுக்குத் தேவையில்லை. ஸ்பாட்மேட்டிக் பாடியை மட்டும் முக்காலியில் நிறுத்தி, மூன்று லென்ஸ்களையும் மாற்றி மாற்றித் திருகிப் படமெடுங்கள். பாடியை மாற்றாமல் இருந்தாலே உங்கள் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்; இதை உறுதியாகச் சொல்கிறேன்.

ஏனென்றால், பத்தாண்டுகள் பல கடந்த துணித்திரை ஷட்டர்களில் அச்சிட்டிருக்கும் வேகம் ஒன்று, உண்மையில் ஓடும் வேகம் மற்றொன்று. 1/500 என்று குறித்திருப்பது 1/300ஆக ஓடினால் ஏறத்தாழ முக்கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இரட்டிப்பாவது) கூடுதல் வெளிச்சம் ஃபிலிமில் விழும். இன்னொரு கேமராவில் சுருள்வில் வேறு விதமாகத் தளர்ந்திருக்கும். மீட்டர்களின் கதையும் அதுவே. ஜெனிட்-ஈயில் இருப்பது செலினியம் மின்கலம். அது லென்ஸின் வழியாகப் பார்ப்பதில்லை, முகப்பிலிருந்து வானத்தையும் சேர்த்தே அளக்கிறது. மரங்களுக்கு மேலே வானம் தெரிந்திருந்தால் அது குறைந்த எக்ஸ்போஷரைத்தான் (ஃபிலிமில் விழவிடும் ஒளியின் அளவு) பரிந்துரைத்திருக்கும். ஹீலியோஸ் படங்கள் இருண்டிருப்பதற்கு நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான், லென்ஸை அன்று. ஸ்பாட்மேட்டிக்கின் மீட்டரோ லென்ஸின் வழியே வந்த ஒளியை, துளையைப் படமெடுக்கும் அளவுக்குக் குறுக்கிய நிலையில் அளக்கிறது. இவ்வளவு வேறுபட்ட மூன்று அளவுகோல்களை வைத்துக்கொண்டு லென்ஸ்களை ஒப்பிடுவது இயலாத காரியம்.

ஆகவே மீட்டரும் ஒன்றாகவே இருக்கட்டும். சாம்பல் அட்டையை ஆளின் முகத்தருகே பிடித்து ஒருமுறை அளந்து, அந்த எக்ஸ்போஷரை மூன்று லென்ஸ்களுக்கும் மாற்றாமல் வைத்திருங்கள். ஒப்பீடு எப்போதும் ஒரே துளையளவில் (எஃப் எண் சிறிதானால் துளை பெரிது), ஒரே ஷட்டர் வேகத்தில் நடக்க வேண்டும்: மூன்றும் எஃப் 2.8இல், பிறகு மூன்றும் எஃப் 5.6இல், பிறகு மூன்றும் எஃப் 11இல். இவ்வாறு செய்தால் ஷட்டரில் பிழை இருந்தாலும் அது மூவருக்கும் சமமாகவே விழும். எஃப் 2.8இல் எடுத்ததையும் எஃப் 11இல் எடுத்ததையும் ஒன்றோடொன்று அடர்த்தி பார்த்து ஒப்பிடாதீர்கள். அங்கே ஷட்டர் வேகம் மாறியிருப்பதால் பழைய சிக்கல் திரும்ப வந்துவிடும்.

மேகம் நகரும் நாளில் படமெடுக்க நேர்ந்தால் வரிசையையும் கவனியுங்கள். ஹீலியோஸ், டெஸ்ஸார், டாக்குமார் என்று ஒரு சுற்று எடுத்ததும், டாக்குமார், டெஸ்ஸார், ஹீலியோஸ் என்று தலைகீழாக இன்னொரு சுற்று எடுங்கள். ஒளி மெல்லக் குறைந்துகொண்டே போனாலும் இரண்டு சுற்றுகளையும் சேர்த்துப் பார்க்கையில் அந்தக் குறைவு ஒரே லென்ஸின் தலையில் விழாது.

இனி டெஸ்ஸாருக்கு வருகிறேன். 1902இல் பால் ருடால்ஃப் ஜைஸில் வடிவமைத்த அமைப்பு அது: நான்கு கண்ணாடிகள், மூன்று தொகுதிகள். காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் பரப்புகள் ஆறே ஆறு. பூச்சில்லாத ஒவ்வொரு பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் 4 சதவீதத்துக்குக் குறையாமல் திருப்பி எறியும். அப்படித் திரும்பிய ஒளியில் ஒரு பங்கு லென்ஸுக்குள்ளேயே அலைந்து, கடைசியில் படத்தின் நிழற்பகுதிகளில் மெல்லிய மூட்டமாகப் படியும். ஏழு கண்ணாடிகளை ஆறு தொகுதிகளாகக் கொண்ட உங்கள் டாக்குமாரில் இத்தகைய பரப்புகள் பன்னிரண்டு. பூச்சே இல்லையென்று வைத்துக்கொண்டால் டாக்குமார் அமைப்பில் ஏறத்தாழ 61 சதவீத ஒளியும் டெஸ்ஸார் அமைப்பில் 78 சதவீத ஒளியும்தான் கடந்து வரும். 1935இல் ஜைஸின் அலெக்சாண்டர் ஸ்மாகுலா கண்டறிந்த எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு வந்த பின்னரே பல கண்ணாடி லென்ஸ்கள் தலையெடுத்தன. அதற்கு முன்பே டெஸ்ஸார் துலக்கமான படம் தந்ததற்குக் காரணம் அந்த ஆறு பரப்புகள்தான்.

ஆகவே ஒரு டெஸ்ஸார் சாம்பல் பூத்த படம் தருகிறதென்றால் அது அதன் பிறவிக்குணமாக இருக்க வாய்ப்பில்லை. உங்கள் கையில் இருக்கும் அந்த ஒற்றை லென்ஸுக்கு நோய் பிடித்திருக்கிறது என்றே கருதுகிறேன். இருட்டறையில் துளையை முழுவதும் திறந்து, பின்புறத்திலிருந்து கைவிளக்கைச் சாய்வாகப் பாய்ச்சி, முன்புறம் வழியாக உள்ளே பாருங்கள். நல்ல லென்ஸில் விளக்கின் பிம்பங்களும் சில தூசிகளும் மட்டும் தெரியும். உள்ளே மசகெண்ணெய் ஆவியாகிப் படிந்திருந்தால் கண்ணாடி முழுவதும் பால் தடவியதுபோல் வெளுத்து ஒளிரும். பூஞ்சை இருந்தால் விளிம்பிலிருந்து நூல் நூலாகக் கிளைவிட்டிருக்கும். பகல் வெளிச்சத்தில் இவ்விரண்டும் கண்ணுக்குத் தெரிவதில்லை. மூட்டம் இருக்குமானால், அதைத் துடைத்துச் சீர்செய்து தரக்கூடிய ஒருவரிடம் கொடுத்து வாங்கிய பின்னரே டெஸ்ஸாரை ஒப்பீட்டில் சேர்க்கவும்.

இருட்டறைவாசி

மேலே நண்பர் கேமராவின் பக்கத்தைச் சொல்லிவிட்டார். படம் எடுத்த பிறகு நடப்பவற்றை நான் எழுதுகிறேன், ஏனென்றால் லென்ஸின் குணம் என்று மாணவர்கள் கொண்டுவந்து காட்டும் வேறுபாடுகளில் பெரும்பாலானவை கழுவும் தொட்டியிலும் ஸ்கேனரிலும் பிறந்தவை என்பதே என் எண்ணம்.

மூன்று லென்ஸ்களின் படங்களும் ஒரே சுருளில் இருக்க வேண்டும். எச்பி5 பிளஸ் சுருளை 400 வேகத்தில் (ஃபிலிமின் ஒளியுணர்திறன் எண்) எடுத்து, ஐடி-11 டெவலப்பரை நீர் கலக்காமல் 20 டிகிரியில் பயன்படுத்தினால் இல்ஃபோர்ட் தரும் நேரம் 7½ நிமிடம். சம அளவு நீர் கலந்தால் 13 நிமிடம். வெப்பநிலை ஒரே ஒரு டிகிரி உயர்ந்தாலும் இந்த நேரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டியிருக்கும். குறைக்கத் தவறினால் வெளிச்சப் பகுதிகள் அடர்ந்து கான்ட்ராஸ்ட் ஏறிவிடும். முதல் பத்து விநாடிகளில் நான்கு முறை, பிறகு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் நான்கு முறை என்று தொட்டியைக் கவிழ்த்து நிமிர்த்தச் சொல்கிறது அந்நிறுவனத்தின் வழிகாட்டி. ஒரு நாள் மென்மையாகவும் ஒரு நாள் வேகமாகவும் கவிழ்த்தால் அதுவும் நெகட்டிவில் தெரியும். மூன்று சுருள்களை மூன்று நாள்களில் கழுவியவருக்கு மூன்று விதமான கான்ட்ராஸ்ட் கிடைப்பது இயல்பே. ஒரே சுருளாக இருந்தால் எல்லாப் படங்களும் ஒரே டெவலப்பரில் ஒரே நேரம் நனைகின்றன. பிழை இருந்தால்கூடப் பொதுவான பிழையாக இருக்கும்.

அடுத்து ஸ்கேனர். மேசை ஸ்கேனர்களோடு வரும் மென்பொருள், தானியங்கி நிலையில், ஒவ்வொரு படத்திலும் மிகக் கறுத்த இடத்தையும் மிக வெளுத்த இடத்தையும் தேடிப்பிடித்து இடைப்பட்ட தொனிகளை இழுத்து நிரப்பிவிடுகிறது. கேட்காமலே கூர்மையும் சேர்க்கிறது. மூட்டமான லென்ஸ் எடுத்த படத்தையும் துலக்கமான லென்ஸ் எடுத்த படத்தையும் ஒரே சாயலுக்குக் கொண்டுவருவதே அதன் வேலையாக இருக்கும்போது, அதன் முடிவை வைத்து லென்ஸ்களைத் தீர்ப்பது முறையாகாது. தானியங்கித் திருத்தங்கள் அனைத்தையும் நிறுத்துங்கள். ஆறு படங்கள் கொண்ட துண்டை முழுவதுமாக, ஓரத்துத் துளைகளும் தெரியும்படி, ஒரே ஸ்கேனாக எடுத்து, அந்த முழுத் துண்டுக்கும் ஒரே தொனி வளைகோட்டைப் பயன்படுத்தி மாற்றுங்கள். கூர்மையை மட்டும் இதில் பார்க்கவே வேண்டாம், எஃப் 5.6இல் உள்ள ஒரு நல்ல 50 மி.மீ. லென்ஸ் ஃபிலிமில் எழுதிய நுணுக்கத்தை இத்தகைய ஸ்கேனர்களால் முழுதும் படிக்க இயலாது. விளக்குப் பெட்டியின்மேல் நெகட்டிவை வைத்து, எட்டு அல்லது பத்து மடங்கு பெருக்கும் லூப் வழியாகக் கண்ணால் பாருங்கள்.

இவை எல்லாவற்றையும்விட நான் நம்புவது, நெகட்டிவ்களைக் காகிதத்தின்மேல் நேரடியாக வைத்து அதே அளவில் எடுக்கும் கான்டாக்ட் ஷீட்டைத்தான். ஆனால் அதையும் கண்ணுக்கு அழகாகத் தெரியும்படி எடுக்கக் கூடாது. ஒரு அளவுகோலாக எடுக்க வேண்டும். என்லார்ஜரின் (நெகட்டிவைப் பெருக்கி அச்சிடும் கருவி) தலையை ஓர் உயரத்தில் நிறுத்தி, அந்த உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நடுத்தர கான்ட்ராஸ்ட் தரும் இரண்டாம் கிரேடு காகிதத்தின்மேல் நெகட்டிவ் துண்டை வைத்துக் கண்ணாடியால் அழுத்தி, காகிதத்தில் ஒரு பகுதி ஃபிலிம் இல்லாமல் வெறுமையாகவும் ஒளி படும்படி விட்டுவிடுங்கள். இரண்டிரண்டு விநாடிகளாக ஒளியூட்டி ஒரு சோதனைப் பட்டை எடுங்கள். காகிதத்தைக் கழுவி, நன்கு உலர்த்திய பிறகு பார்த்தால், படமில்லாத ஃபிலிம் ஓரத்தின் கறுப்பும் வெறுங்காகிதத்தின் முழுக் கறுப்பும் ஒரு படிவரை வேறுபட்டு நிற்கும். அதற்குப் பிறகு இரண்டும் ஒன்றாகிவிடும். அவை ஒன்றாகும் முதல் படிதான் உங்கள் நேரம். ஈரமாக இருக்கையில் முடிவுசெய்யாதீர்கள், உலரும்போது காகிதம் சற்றே இருளும்.

அந்த நேரத்தில், அந்த உயரத்தில், சுருள் முழுவதையும் கான்டாக்ட் எடுத்தால் காகிதம் உண்மையை மட்டும் சொல்லும். எக்ஸ்போஷர் குறைந்த படம் இருண்டு வரும், மிகுந்த படம் வெளுத்து வரும், லென்ஸின் மூட்டத்தால் நிழல்கள் சாம்பலாகியிருந்தால் அவை சாம்பலாகவே வரும். உங்களுடைய இப்போதைய மூன்று சுருள்களையும் முதலில் இவ்வாறு எடுத்துப் பாருங்கள். ஜெனிட் சுருள் குறைந்த எக்ஸ்போஷர் பெற்றதா என்ற கேள்விக்கு அதிலேயே விடை கிடைத்துவிடும்.

ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். மூட்டத்தை அளப்பதற்குக் காட்சியிலேயே ஒரு கருவியை வைக்கலாம். ஒரு அட்டைப் பெட்டியின் உட்புறம் முழுவதும் கறுப்பு வெல்வெட் ஒட்டி, முன்பக்கத்தில் சிறு துளை வெட்டி, ஆளின் அருகில் வையுங்கள். அந்தத் துளை எந்தக் கறுப்புக் காகிதத்தைவிடவும் கறுப்பானது. ஒளி உள்ளே போகும், திரும்பி வராது. ஆகவே நெகட்டிவில் அந்தத் துளை இருக்கும் இடம், சுருளின் படமில்லாத ஓரத்தைப் போலவே தெளிந்து இருக்க வேண்டும். அங்கே ஏதேனும் அடர்த்தி இருந்தால், அது காட்சியிலிருந்து வந்த ஒளி அன்று. லென்ஸுக்குள்ளும் பாடிக்குள்ளும் சிதறி வந்து விழுந்த ஒளி. பாடி மூன்றுக்கும் ஒன்றே என்பதால் மிஞ்சும் வேறுபாடு லென்ஸுடையது.

ஓரம் பார்ப்பவன்

சுழல் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

ஹீலியோஸ் 44, ஜைஸின் பயோட்டார் 58 மி.மீ. எஃப் 2 லென்ஸை அடியொற்றிச் சோவியத் ஒன்றியத்தில் செய்யப்பட்டது: ஆறு கண்ணாடிகள், நான்கு தொகுதிகள். துளையை முழுவதும் திறந்திருக்கையில், படத்தின் நடுவுக்கு வரும் ஒளிக்கற்றை வட்டமாகவே கடந்து வருகிறது. ஓரங்களுக்குச் சாய்வாக வரும் கற்றையையோ முன்விளிம்பு ஒருபுறமும் பின்விளிம்பு மறுபுறமும் வெட்டிவிடுகின்றன. அதனால் நடுவில் வட்டமாக விழும் மங்கற்புள்ளி, ஓரத்துக்குப் போகப்போக இருபுறமும் கூராகிய பூனைக்கண் வடிவம் பெறுகிறது. அந்தக் கண்களின் நீள்வாக்கு படத்தின் மையத்தைச் சுற்றிவரும் திசையில் அமைவதாலும், இந்த அமைப்பில் முழுதும் திருத்தப்படாத புலவளைவு, அஸ்டிக்மாட்டிசம் என்னும் லென்ஸ் குறைகளும் அதை மேலும் இழுத்துவிடுவதாலும், பின்னணி மையத்தைச் சுற்றிச் சுழல்வதாக நம் கண் படித்துக்கொள்கிறது.

அது தோன்றச் சில நிலைமைகள் ஒருசேர அமைய வேண்டும். துளை எஃப் 2இல் இருக்க வேண்டும். எஃப் 4க்கு மூடினால், துளையின் இதழ்கள் கற்றையைக் குறுக்கிவிடுவதால் விளிம்புகளுக்கு வெட்ட எதுவும் மிஞ்சுவதில்லை, சுழல் பெரும்பாலும் மறைந்துவிடும். ஆள் ஒன்று அல்லது இரண்டு மீட்டருக்குள் இருக்க, பின்னணி அவருக்குச் சில மீட்டர் பின்னால் இருக்க வேண்டும். மிக அருகில் இருந்தால் மங்கல் போதாது. மிகத் தொலைவில் இருந்தால் புள்ளிகள் பெரிதாகி ஒன்றோடொன்று கலந்து வடிவமிழக்கும். பின்னணியில் ஒளிப்புள்ளிகளும் இருக்க வேண்டும். இலைகளின் இடுக்கில் வானம் பொட்டுப் பொட்டாகத் தெரியும் இடம் மிகப் பொருத்தம். வெறுஞ்சுவருக்கு முன் எந்த லென்ஸும் சுழலைக் காட்டாது. உங்கள் சில படங்களில் அது இல்லாததற்கு இவற்றில் ஒன்றே காரணமாக இருக்கும். ஹீலியோஸ் 44-2இல் துளைக்கு இரண்டு வளையங்கள் உண்டு. ஒன்று அளவைக் குறிப்பது, மற்றது மூடித் திறப்பது. முதல் வளையம் காட்டும் எண் ஒன்றாகவும், இரண்டாவது வளையத்தின் நிலைப்படி இதழ்கள் உண்மையில் திறந்திருக்கும் அளவு வேறாகவும் இருக்கலாம். ஒவ்வொரு படத்துக்கும் முன்பாக லென்ஸின் முன்னால் வந்து நின்று இதழ்களைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

இதைக் காட்டிலும் முக்கியமானது, சுழல் வாழ்வது படத்தின் மூலைகளில் என்பதாகும். ஃபிலிமில் பதிவாவது 24×36 மி.மீ.; ஜெனிட்-ஈயின் வியூஃபைண்டர் காட்டுவதோ அதில் 20×28 மி.மீ. மட்டுமே. அதாவது சுழல் அமையும் இடத்தைப் பார்க்காமலே அந்தக் கேமராவில் படமெடுக்க வேண்டியிருக்கிறது. வியூஃபைண்டரில் இல்லாதது படத்தில் வரும்; ஸ்கேனரின் சட்டகமோ என்லார்ஜரின் நெகட்டிவ் தாங்கியோ ஓரங்களைக் கொஞ்சம் மறைத்துவிட்டால், படத்தில் இருந்தது அச்சில் வராமல் போகும். இரண்டையும் சரிபார்க்காமல் இந்த லென்ஸில் சுழல் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

மூலை இருளைப் பற்றியும் ஒரு குறிப்பு. லென்ஸினால் வரும் இருள் நான்கு மூலைகளிலும் ஒத்திருக்கும், துளையை மூடினால் குறையும். படத்தின் இடப்பக்கமோ வலப்பக்கமோ மட்டும் மேலிருந்து கீழாகப் பட்டைபோல் இருண்டிருந்தால், அது கிடைமட்டமாக ஓடும் துணித்திரைகள் இரண்டும் ஒரே வேகத்தில் ஓடாததன் அடையாளம். வேகமான எண்களில் அது மிகும். அதை லென்ஸின் கணக்கில் எழுத வேண்டாம்.

ஒளிமாணவி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. டெஸ்ஸாரைக் கைவிளக்கால் பார்த்தேன்; பின்தொகுதியின் உட்பரப்பு முழுவதும் வெண்மையாக ஒளிர்கிறது. அதைச் சீர்செய்யக் கொடுத்திருக்கிறேன்.

ஸ்பாட்மேட்டிக் ஒன்றிலேயே மீண்டும் தொடங்குமுன் ஓர் ஐயம். ஹீலியோஸ் 58 மி.மீ., மற்றவை 50 மி.மீ. முகத்தின் அளவு ஒன்றாக வரும்படி கேமராவை நகர்த்த வேண்டுமா, அல்லது கேமராவை அசைக்காமல் முகத்தின் அளவு மாறுவதை ஏற்றுக்கொள்ள வேண்டுமா? டாக்குமாரின் மஞ்சள் பற்றியும் யாரேனும் சொன்னால் உதவியாக இருக்கும்.

கண்ணும் கண்ணாடியும்

கேமராவை அசைக்காதீர்கள். 50 மி.மீ. லென்ஸை 2 மீட்டரில் வைத்து எடுத்த முகத்தின் அளவை 58 மி.மீ. லென்ஸில் பெற, ஏறத்தாழ 2.3 மீட்டருக்குப் பின்வாங்க வேண்டும். பின்வாங்கிய உடனே முகத்துக்கும் மரங்களுக்கும் உள்ள அளவு விகிதம் மாறிவிடுகிறது. அந்த மாற்றம் நின்ற இடத்தினால் வருவது, லென்ஸினால் அன்று. ஆனால் அச்சில் பார்ப்பவருக்கு இரண்டையும் பிரிக்கத் தெரியாது. ஒரே இடத்தில் நின்று எடுத்து, 50 மி.மீ. நெகட்டிவ்களை அச்சிடும்போது 1.16 மடங்கு கூடுதலாகப் பெருக்கினால் முகங்கள் ஒரே அளவாகிவிடும். அந்த இரண்டு அச்சுகளில் மட்டும் ஃபிலிமின் மணிகள் சற்றுப் பெரிதாகத் தெரியும் என்பதே இதற்கான விலை, அதை ஏற்கலாம்.

மங்கலின் அளவைப் பற்றிப் பேசும்போது எஃப் எண்ணை மட்டும் பார்க்கக் கூடாது. ஒரே இடத்தில் நின்று எடுக்கையில், பின்னணி எவ்வளவு கரையும் என்பதைத் தீர்மானிப்பது துளையின் விட்டம். ஹீலியோஸ் எஃப் 2இல் அது 29 மி.மீ.; டாக்குமார் எஃப் 2இல் 25 மி.மீ.; டெஸ்ஸார் எஃப் 2.8இல் 18 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. ஹீலியோஸுக்கு நிகரான மங்கல் டாக்குமாரில் வேண்டுமென்றால் எஃப் 1.4க்கும் எஃப் 2க்கும் நடுவே வளையத்தை நிறுத்த வேண்டும். அவ்வாறு நிறுத்திய ஒரு படமும் உங்கள் தொகுப்பில் இருக்கட்டும். அளவு சமமான பிறகும் மங்கலின் தோற்றத்தில் எஞ்சி நிற்கும் வேறுபாடுதான் நீங்கள் தேடும் லென்ஸ் குணம். இந்தப் படத்துக்கு மட்டும் ஷட்டரை மாற்றாமல் விட்டு, அடர்த்தியை ஒப்பிடாமல் வடிவத்தை மட்டும் ஒப்பிடுங்கள்.

மஞ்சளுக்கு வருகிறேன். அந்த ஏழு கண்ணாடி டாக்குமாரில் ஒரு கண்ணாடிக்கு ஒளிவிலகல் எண்ணை உயர்த்துவதற்காகத் தோரியம் ஆக்சைடு சேர்த்திருக்கிறார்கள். தோரியம் கதிரியக்கம் உடையது. அதன் கதிர்வீச்சு ஆண்டுக்கணக்கில் கண்ணாடியின் உள்ளமைப்பில் நிற மையங்களை உண்டாக்கி நீல ஒளியை விழுங்கச் செய்கிறது. எச்பி5 பிளஸ் எல்லா நிறங்களையும் உணரும் ஃபிலிம் என்பதால், இது லென்ஸுக்குள்ளேயே ஒரு மெல்லிய மஞ்சள் ஃபில்டரைப் பொருத்தியதற்குச் சமம்: நீல வானம் சற்று இருளும், முகத்தோல் சற்று வெளுக்கும், செம்புள்ளிகள் மறையும். உங்கள் டாக்குமார் படங்கள் வெளிர்ந்து மென்மையாக இருப்பதற்கு இதில் ஒரு பங்கு இருக்கக்கூடும். ஸ்பாட்மேட்டிக்கின் மீட்டர் லென்ஸின் வழியே அளப்பதால் இழந்த ஒளியை அதுவே ஈடுசெய்துவிடும். ஆனால் முதல் மறுமொழியில் சொன்னபடி மூன்றுக்கும் ஒரே எக்ஸ்போஷரை வைத்தால், டாக்குமாரின் நெகட்டிவ் மட்டும் மெலிந்து வரும். அதைக் கண்டு குழம்ப வேண்டாம்.

இங்கே முந்தைய நண்பர்களிடமிருந்து சற்று வேறுபடுகிறேன். டெஸ்ஸாரின் மூட்டத்தை நோய் என்றும் டாக்குமாரின் மஞ்சளையும் நோய் என்றும் நீக்கிவிட்டு, தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையில் மட்டுமே லென்ஸ்களை ஒப்பிட வேண்டும் என்பது ஒரு வழி. ஆனால் பழைய லென்ஸ்களைக் கையில் எடுக்கும் எவருக்கும் கிடைப்பவை காலம் தொட்ட லென்ஸ்களே. ஆகவே உங்கள் திட்டத்தில் மஞ்சளை நீக்குவதற்கு முன் ஒரு சுற்று, நீக்கிய பின் ஒரு சுற்று என இரண்டும் இருப்பது நல்லது. ஒரே லென்ஸ், ஒரே வடிவமைப்பு, மாறியது கண்ணாடியின் நிறம் மட்டுமே என்னும்போது அந்த ஒப்பீடு மற்ற எல்லாவற்றையும்விடத் தூய்மையானது. முன் எடுத்த சுற்றில், மஞ்சளித்திராத ஹீலியோஸின் முன்னால் ஒரு வெளிர்மஞ்சள் ஃபில்டரைப் பொருத்தி ஒரு படமும் எடுத்துவிடுங்கள். டாக்குமாரின் தோற்றத்தில் எவ்வளவு நிறத்தினால் வந்தது என்பது அதில் புலப்படும்.

நிறத்தை நீக்கப் புறஊதா ஒளி போதும். வெயிலில் வைப்பவர்கள் உண்டு. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன், ஏனென்றால் திறந்த லென்ஸ் வெயிலைக் குவித்துத் தீமூட்டக்கூடியது, சூட்டில் உள்ளிருக்கும் மசகும் இளகி இதழ்களில் கசியும். சிறிய புறஊதா எல்.இ.டி. விளக்கின் கீழ், இருபுற மூடிகளையும் அகற்றி, துளையை முழுவதும் திறந்து, அடியில் அலுமினியத் தாளை விரித்து வையுங்கள். விளக்கை நேரே பார்க்காதீர்கள். சில நாள்களில் மாற்றம் தெரியத் தொடங்கும். மஞ்சள் ஆழமாக இருந்தால் வாரங்கள் பிடிக்கும். நாள்தோறும் அதே வெள்ளைத் தாளின்மேல் வைத்துப் பார்த்து, மாற்றம் நின்றதும் நிறுத்திவிடலாம். கதிரியக்கம் என்ற சொல்லைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை, கேமராவில் பொருத்திப் பயன்படுத்துவதில் தீங்கு மிகச் சிறிது. ஆனால் அந்தக் கண்ணாடியைக் கழற்றித் தேய்க்கவோ மெருகேற்றவோ எவரையும் அனுமதிக்காதீர்கள், லென்ஸைக் கண்ணோடு ஒட்டி உருப்பெருக்கியாகவும் பயன்படுத்தாதீர்கள்.